இல்கா மேடத்துக்குப் பித்தளைக் காது

முதலில் சொன்னவள் பேக்கரி செலோயி. அவளும் நேரில் கேட்கவில்லை. அவளுடைய நாத்தனார் போர்ட்டோ அலெக்ரியில் பெண்களுக்குத் தலைச்சாயம் பூசுகிறவள். அந்த நாத்தனாரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், தலை முழுக்கச் சாயமும் வெள்ளித்தாளுமாக, கைபேசியில் யாரிடமோ குரலைத் தாழ்த்திச் சொன்னாளாம்: "இந்த வருஷம் காது இல்கா குரோலோவுக்குத்தான். பாவம், இன்னும் எத்தன நாளோ."

போர்ட்டோ அலெக்ரியிலிருந்து இவர்கள் ஊரான பெலோட்டாஸுக்கு பஸ் வந்து சேர மூன்றரை மணி நேரம் ஆகும். இந்தச் செய்திக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை காலை இல்கா நாலு கிந்திம் வாங்கப் போனபோது, செலோயி அந்த மஞ்சள் முட்டைப் பலகாரத்தில் எட்டை அடுக்கிக் கட்டினாள்.

"நாலுதானே கேட்டேன்."

"இருக்கட்டும் டீச்சரம்மா. ஆசைப்பட்டதச் சாப்பிடுங்க. இனிமே என்ன அளவு வேண்டிக்கிடக்கு?"

"டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கார் செலோயி."

"டாக்டருக்கு என்ன, அவர் இருப்பார்," என்று சொல்லிவிட்டு செலோயி கண்ணைத் துடைத்துக்கொண்டு மாவுப் பக்கம் திரும்பிவிட்டாள். பிறகு நாத்தனார், நாற்காலி, வெள்ளித்தாள் எல்லாவற்றையும் மாவைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள்.

இல்கா எட்டுக் கிந்திமோடு தெருவுக்கு வந்தாள். ஜூலை மாதக் குளிர்காலப் பனியில் எதிர்ச்சாரி தெரியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. முதலில் சந்தோஷத்தில் அடித்தது. தெருமுனைக்கு வருவதற்குள் அது வேறு விதமாக அடிக்க ஆரம்பித்தது.

காது என்றால் பித்தளைக் காது. தென் மாநிலங்களின் மக்கள் தொடர்பு ஆய்வாளர் சங்கம், அந்தத் துறையில் ஆயுள் முழுக்க ஆராய்ச்சி செய்த ஒருவருக்கு வருடம் ஒன்று கொடுக்கும் விருது. மக்கள் தொடர்பு என்பது பேசுவதல்ல, கேட்பது என்று சங்கத்தை ஆரம்பித்தவர்கள் நம்பினார்கள். ஆகவே வாயை விட்டுவிட்டுக் காதை வார்க்கச் சொன்னார்கள். நாலு கிலோ எடை. எப்போதும் இடது காது, ஏனென்றால் பட்டறைக்காரர் ஒரே ஓர் அச்சுதான் செய்தார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வதங்கிய காளான் மாதிரி இருக்கும். ஆனாலும் அந்தத் துறையில் அதற்கு மேல் ஒன்று கிடையாது. காது வாங்கியவர் கூட்டத்துக்குள் நுழைந்தால் வாங்காதவர்கள் எழுந்து நிற்பார்கள்.

அப்படி நுழைகிறவர்கள் அதிகம் பேர் இல்லை என்பதுதான் சங்கடம். முதல் காதை வாங்கியவர் பதினோரு மாதத்தில் போனார். இரண்டாமவர் கமலா ஆரஞ்சு பறிக்க ஏணியில் ஏறினார். இறங்கும்போது ஏணி தேவைப்படவில்லை. மூன்றாமவர் காதைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வாங்கினார். இதில் சாபம் கீபம் ஒன்றும் இல்லை, எல்லாம் தேர்வுக் குழுவின் முன்ஜாக்கிரதைதான். ஒருவரை ஊரறியப் புகழ்ந்துவிட்டு, அடுத்த வருடமே அவர் எங்காவது எதையாவது உளறிவைத்து, அதற்குச் சங்கம் விளக்க அறிக்கை எழுத நேர்வதைவிட அவர்களுக்குப் பெரிய பயம் கிடையாது. அதனால் இனி உளறுவதற்கு அதிக அவகாசம் இல்லாதவர்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

ஒரு வருடம் ரொம்பவும் பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். மேடையில் பெயரை அறிவித்து, கைதட்டலும் ஓய்ந்த பிறகுதான், பெயருக்கு உரியவரை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிவிட்டது தெரிந்தது. அதன் பிறகு ஒரு விதி போட்டார்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறு, மதியம் இரண்டு மணிக்குச் சங்கத் தலைவி தானே போன் செய்வார். விருது பெறுபவர் தன் சொந்தக் குரலில் 'ஏற்கிறேன்' என்று சொல்ல வேண்டும். மனைவி, கணவன், பிள்ளை யார் சொன்னாலும் செல்லாது. மூன்று தரம் அடித்தும் எடுக்கவில்லை என்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

இல்காவுக்கு வயது அறுபத்தொன்று. பல் எல்லாம் சொந்தப் பல். அவள் அம்மா தொண்ணூற்று நாலு வயது வரை கோழி அடித்தவள். காது அவளுக்கு வரவேண்டிய காரணமே இல்லை.

வேண்டும் என்ற ஆசை மட்டும் பன்னிரண்டு வருடமாக இருந்தது. வருடா வருடம் விழாவில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து அடுத்தவர் காதுக்குக் கைதட்டிவிட்டு வருவாள். வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டைக் காலியாகவே வைத்திருந்தாள். அவள் கணவன் நெரேவு, பந்து உருட்டும் போட்டியில் எப்போதோ வாங்கிய சின்னக் கோப்பையை அதில் வைக்கப் போனபோது, "அங்க வேணாம், ஈரம் அடிக்கும்" என்றாள். எல்லா வீட்டிலும் எல்லாச் சுவரும் ஈரம் அடிக்கிற ஊர் அது. நெரேவு ஒன்றும் கேட்காமல் கோப்பையைக் குளிர்பெட்டி மேல் வைத்துவிட்டான்.

அவள் ஆராய்ந்தது வருத்தத்தை. வருத்தம் என்றால் மனுஷர் படுகிற வருத்தம் அல்ல. ஆலையும் நகராட்சியும் பஸ் கம்பெனியும் தாளில் தெரிவிக்கிற வருத்தம். ஊருக்கு வெளியே பீச் தோட்டம் வைத்திருந்த ஒருவரின் ஐந்தாவது மகள் அவள். அவளுக்கு ஒன்பது வயதானபோது, பழத்தை டப்பாவில் அடைக்கும் ஆலை ஒன்று அந்த வருடம் வண்டி அனுப்பாமல் தாள் அனுப்பியது. 'இவ்வாண்டு தங்களிடம் கொள்முதல் செய்ய இயலாமைக்கு மிகவும் வருந்துகிறோம்.' அப்பா அதை மூன்று தரம் படித்தார்.

"ரொம்ப வருந்துறாங்களாம். நல்ல மனுஷங்க. பழத்த மட்டும்தான் எடுத்துக்கல."

அந்தக் கோடையில் காலையில் பீச், மதியம் பீச், பன்றிக்கும் பீச். மூன்றாம் வாரம் பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இல்கா அந்தத் தாளை எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். அதுதான் முதல் தாள். இப்போது நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு இருக்கின்றன, கொய்யாப்பழ மிட்டாய் வந்த தகர டப்பாக்களில், ஆண்டு வாரியாக.

மக்கள் தொடர்பு படித்ததும் பெரிய இலட்சியத்தால் அல்ல. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் போட்ட வருடம் மருத்துவத்தில் ஓர் இடத்துக்கு ஐம்பது பேர் போட்டி. மக்கள் தொடர்பில் ஓர் இடத்துக்கு இரண்டு பேர். அந்த இரண்டாவது ஆள் தேர்வன்று வரவில்லை. படித்து முடித்து, வாத்தியார் வேலையில் சேர்ந்து, முனைவர் பட்டமும் வாங்கிய பிறகும் வீட்டில் யாருக்கும் அது என்ன படிப்பென்று விளங்கவில்லை. மாமியார் கடைசி வரை அவள் ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறாள் என்றே நம்பி இருந்துவிட்டுப் போனாள். உறவில் கல்யாணம் என்றால், "நீதான் மக்கள் தொடர்பாச்சே, வாசல்ல நின்னு எல்லாரையும் வாங்கன்னு சொல்லு" என்று அவளைக் கதவோரம் நிறுத்திவிடுவார்கள். அவளும் நிற்பாள்.

வெளியே வேறு கதை. குடிநீர் வாரியங்களின் வருத்த அறிவிப்புகளைப் பற்றி அவள் எழுதிய ஆய்வேட்டைத் தெற்கே மேற்கோள் காட்டாத ஆள் இல்லை. அதில் மூன்று விதிகள் உண்டு. அறிவிப்பில் 'சிரமம்' என்ற சொல் வந்தால் அந்தச் சிரமம் இன்னும் தீரவில்லை, இது ஒன்று. யாரும் கேட்பதற்கு முன் மறுக்கிறவன் செய்திருக்கிறான், இது இன்னொன்று. ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நீள விதி: அறிவிப்பு எவ்வளவு குட்டையோ, விபரீதம் அவ்வளவு பெரிசு. இருபது நிமிஷம் மின்சாரம் போனதற்கு ஒரு நிர்வாகம் இரண்டு பக்கம் வருந்தியிருக்கிறது. வெள்ளத்தில் ஒரு பாலமே போனபோது ஓர் ஊராட்சி எழுதியது இவ்வளவுதான்: 'பாலம் இல்லை. வருந்துகிறோம்.' ஆய்வு மாணவர்கள் இன்றும் ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள்.

புதன்கிழமை காலை இல்கா பல்கலைக்கழகத்தில் தன் அறைக் கதவைத் திறந்தபோது, துறைத் தலைவி ஜுசானி உள்ளே முட்டி போட்டு அளவு நாடாவால் சுவரை அளந்துகொண்டிருந்தாள். இல்காவிடமே படித்தவள்.

"ஐயோ மேடம். நீங்க இல்லாதப்ப வரலாம்னுதான் நெனச்சேன்."

"இல்லாதப்பதான் வந்திருக்க. நான் இப்பதான் வர்றேன்."

"அது இல்ல மேடம்…" ஜுசானி நாடாவைச் சுருட்டினாள். "சும்மா, எதுக்கும் ஒரு அளவு தெரிஞ்சிருக்கணும்ல. இந்த டப்பாவெல்லாம் யாருக்குன்னு ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

"யாருக்கும் எழுதல. நான் இருக்கேனே."

"இருக்கணும் மேடம். ரொம்ப நாள் இருக்கணும்," என்றாள் ஜுசானி. சொல்லும்போதே கண் ஜன்னல் அகலத்தின் மேல் போய் நின்றது.

வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். முப்பத்துநாலு வருடத்தில் அப்படி நடந்ததில்லை. ஒரு பெண் அவளுடைய பையை வாங்கிக்கொண்டாள். இன்னொருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். தேர்வைத் தள்ளிவைக்கச் சொல்லி ஒருவனும் கேட்கவில்லை. அதுதான் அவளை ரொம்பக் கலங்க வைத்தது.

சாயங்காலம் நெரேவு பந்து உருட்டும் கிளப்பிலிருந்து முகம் வெளுத்து வந்தான்.

"இன்னிக்கு மூணு ஆட்டம் ஜெயிச்சேன்."

"நல்லதுதானே."

"இல்கா, முப்பது வருஷத்துல நான் சேர்ந்தாப்ல மூணு ஆட்டம் ஜெயிச்சதில்ல. ஆள் ஆளுக்கு வேணும்னே தோத்தானுங்க. கடைசியில ஒருத்தன் என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டான். உண்மையச் சொல்லு, உனக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல நெரேவு. போன மாசம் கால் பெருவிரல்ல நகம் உள்ள வளர்ந்துச்சு. உனக்குத்தான் தெரியுமே."

"அது ஆறிடுச்சே."

"ஆறிடுச்சு."

"அப்ப எதுக்கு என்னை ஜெயிக்க விட்டானுங்க?"

பதில் வியாழக்கிழமை தடி ஊன்றிக்கொண்டு வந்தது.

எவிலாசியோ டிம்முக்கு வயது எழுபத்துநாலு. விழா நடைமுறை பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மேடையில் கொடிகளை எந்த வரிசையில் நட வேண்டும் என்பது பற்றி நானூறு பக்கப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதை முழுதும் படித்தவர்கள் இரண்டு பேர், ஒருத்தி இல்கா. மூன்று வருடமாகக் காதுப் பட்டியலில் அடுத்த பெயர் அவருடையதுதான். ஒவ்வொரு வருடமும் அவரைவிட மோசமான நிலையில் யாராவது முளைத்துவிடுவார்கள்.

கதவைத் திறந்ததும் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நிறம் நல்லாத்தான் இருக்கு," என்றார், குற்றம் கண்டுபிடித்தவர் போல.

"உள்ள வாங்க சார். உட்காருங்க."

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது. முட்டி." உட்கார்ந்தார். "உனக்கு முட்டி எப்படி?"

"பரவால்ல சார்."

"எனக்கு ரெண்டும் போச்சு. சர்க்கரை?"

"இல்ல."

"முந்நூத்தி எண்பது எனக்கு. ரத்தக்கொதிப்பு?"

"கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சமெல்லாம் எல்லாருக்கும் இருக்கும். அத ஒரு கணக்கா சொல்லாத." இருமினார். நன்றாக, நேரம் எடுத்து இருமினார். இல்காவுக்கு என்ன தோன்றியதோ, அவளும் லேசாக இருமினாள். அவர் புருவத்தைத் தூக்கினார். "இது சளி இருமல். நெஞ்சுலேர்ந்து வரணும்."

அவள் மாத்தேச் செடியின் தூளைச் சுரைக்குடுவையில் நிரப்பி, வெந்நீர் ஊற்றி அவரிடம் நீட்டினாள். அவர் வெள்ளிக் குழாயில் உறிஞ்சி, கடைசிச் சொட்டு சத்தம் போடும் வரை குடித்துவிட்டு, குழாயைத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தார். அதே குழாயில் அவளும் குடித்தாள். குழாயைத் துடைக்கிறவளை அந்தப் பக்கத்தில் மனுஷியாக மதிக்க மாட்டார்கள்.

"சரி, எனக்காவது சொல்லு. என்ன வியாதி?"

"எனக்கு ஒரு வியாதியும் இல்ல சார். யாரு கிளப்பிவிட்டதுன்னே தெரியல."

"நீதான் கிளப்பிவிட்ட." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். ஜூன் மாதச் சங்கக் கூட்டத்துக்கு அவள் அனுப்பியிருந்த மின்னஞ்சல், அச்செடுத்தது. 'உடல்நிலை காரணமாக வர இயலவில்லை. வருந்துகிறேன்.'

நகம் குத்தி, செருப்புக்கூடப் போட முடியாமல் கிடந்தபோது எழுதியது. வருத்தத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள், பெருவிரல் நகத்தை எப்படிப் பொதுக்குழுவுக்குத் தெரிவிப்பது என்று கூச்சப்பட்டு, சுருக்கமாக முடித்திருந்தாள். 'சிரமம்' என்ற சொல் வரக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதிய ஞாபகமும் இருந்தது.

"ரெண்டே வரி," என்றார் எவிலாசியோ. "குழுவுல ஆறு பேரு. ஆறு பேரும் உன் நீள விதியப் படிச்சுப் பாஸ் பண்ணினவங்க. கூட்டத்துக்கு வர முடியாதவங்க எழுதுறது சராசரி பதினோரு வரியாம். ஸ்கேல் வெச்சுப் பார்த்திருக்காங்க. ரெண்டு வரின்னதும் எர்மீனியா அழுதுட்டாளாம்."

எர்மீனியா சங்கத் தலைவி. எதற்கும் அழாதவள்.

இல்காவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். தன் வலையில் தானே சிக்கிய சிலந்தி சிரித்தால் நன்றாக இருக்காது. உள்ளூர ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது, அவளுடைய விதியை அவ்வளவு நம்பியிருக்கிறார்களே என்று.

"எனக்கு செப்டம்பர் எட்டாம் தேதி நெஞ்சத் திறக்குறாங்க," என்றார் எவிலாசியோ, குடுவைக்குக் கை நீட்டியபடி. இதைச் சொல்லும்போது அவர் இருமவில்லை. "விழா அஞ்சாம் தேதி. மூணு நாள் இடைவெளி. கணக்கு எனக்குச் சரியாத்தான் வந்துச்சு. அப்பதான் உன் ரெண்டு வரி வந்துச்சு." காலிக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டார். "தப்பா நெனைக்காத. உனக்குக் கிடைச்சா எனக்குச் சந்தோஷம்தான். எத்தன நாள் குடுத்திருக்காங்க, அத மட்டும் சொல்லிடு."

வாய் நுனி வரை வந்தது. நகம் சார், வெறும் நகம், மூன்று வாரத்தில் ஆறிவிட்டது என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். அலமாரியின் நடுத்தட்டு அவருடைய தலைக்குப் பின்னால் தெரிந்தது.

"இன்னொரு தடவ ஊத்தவா சார்?" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை குழுவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். மூன்று பக்கம் எழுதினாள். நகம் எந்தக் காலில், எந்தப் பக்கம், எப்போது குத்த ஆரம்பித்தது, எந்தச் செருப்பால் வந்தது, அது எந்தக் கடையில் வாங்கியது, கால் பராமரிக்கிற பெண் என்ன சொன்னாள், உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறவைத்தாள், எல்லாம். அவளுடைய விதிப்படியே அவ்வளவு நீளக் கடிதத்துக்கு எந்த விபரீதமும் இருக்க முடியாது. படித்த மாத்திரத்தில் குழு நிம்மதிப் பெருமூச்சு விட்டு, பட்டியலில் கீழே இறங்கி, எவிலாசியோவைக் கூப்பிடும்.

அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தாள். செருப்புக் கடைப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. திருத்தினாள். அப்புறம் இரண்டாம் பக்கத்தில் ஒரு காற்புள்ளி. அப்புறம், நாளைக்குப் புதுக் கண்ணோடு ஒரு தரம் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை ஊரே வந்துவிட்டது. செலோயி கோழிச் சூப்போடு வந்தாள். பக்கத்து வீட்டம்மாவும் கோழிச் சூப்போடு வந்தாள். இருவரும் ஒருவர் பாத்திரத்தை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். லுத்தரன் பாதிரியார் சுற்றிவளைத்து, அவளுக்குப் பிடித்த பாட்டு எது என்று கேட்டார். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, "சும்மா, பொதுவா" என்றார். மாணவர்கள் ஏழு பேர் தரையில் உட்கார்ந்தார்கள். அதில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அழுகையா சளியா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சுரைக்குடுவை கை மாறி மாறிச் சுற்றியது. ஒரே குழாய். ஒவ்வொரு சுற்றும் இல்காவிடம் வந்துதான் முடிந்தது.

எல்லாரும் போன பிறகு நெரேவு பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டே கேட்டான். "கம்ப்யூட்டர்ல ஒரு கடிதம் தெறந்து கெடக்கு. நகத்தப் பத்தி மூணு பக்கம். ஏன் இன்னும் அனுப்பல?"

"பிழை பாக்குறேன்."

"நேத்துலேர்ந்தா?"

அவள் சுரைக்குடுவையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இங்க பாரு. உனக்கு அந்தக் காது வேணும்."

"வேணும்."

"அப்ப வாங்கிக்கோ. நீ பொய் ஒண்ணும் சொல்லலையே. உடம்பு சரியில்லன்னுதான எழுதின. விரலும் உடம்புதான."

இல்கா அலமாரியின் காலி நடுத்தட்டைப் பார்த்தாள். "அதான் நெரேவு. டப்பாவுல கெடக்கிற நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு தாள்லயும் எவனும் பொய் எழுதல."

நெரேவு சூப்புப் பாத்திரத்தை மூடினான். "அப்ப அனுப்பு."

"அனுப்ப மாட்டேன்," என்று எழுந்தாள். ஒரு வேகம் வந்திருந்தது அவளுக்கு. "தாள்ல வருத்தம் தெரிவிக்கிறது கோழை பண்ற வேலை. முப்பது வருஷமா அதத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். நாளைக்கு எர்மீனியா கூப்பிடும்போது வாயால சொல்றேன். நகத்துலேர்ந்து ஆரம்பிச்சு அரை மணி நேரம் விடாம பேசுறேன். என் குரலக் கேட்டாலே தெரிஞ்சிடும், நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கேன்னு." மூன்று பக்கத்தையும் அழித்தாள். அழித்தது குப்பைத் தொட்டிக்குள் போயிருக்கும் என்று அங்கேயும் போய் அழித்தாள். நாலு ராத்திரிக்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிறு காலை எழுந்து "நெரேவு" என்று கூப்பிட்டாள். கதவுக் கீல் மாதிரி ஏதோ ஒன்று கிறீச்சிட்டது. நெரேவு எழுந்து போய்க் கதவைப் பார்த்தான்.

தொண்டை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாள். தேனும் எலுமிச்சையும் குடித்தாள். கரும்புச் சாராயத்தில் இஞ்சி தட்டிப்போட்டுக் கொடுத்தான் நெரேவு; அதையும் குடித்தாள். மத்தியானம் நெருங்கியபோது ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தை வந்தது. மூன்றாவது வார்த்தை வராது.

"எங்க, சொல்லிப் பாரு," என்றான் நெரேவு.

"நல்லா… இருக்கேன்."

செலோயி இன்னொரு பாத்திரம் சூப்போடு அப்போதுதான் உள்ளே வந்தாள். அந்தக் குரலைக் கேட்டு வாசலிலேயே சிலுவை போட்டுக்கொண்டாள்.

நெரேவு நெற்றியைச் சொறிந்தான். "இத எர்மீனியா கேட்டா விழாவ இன்னிக்கே வெச்சுடுவா. நகம்னு சொல்லிப் பாரு."

"கால்… நகம்."

"இன்னும் மோசம். காலை எடுக்கப் போறாங்கன்னு நெனைப்பா."

"நீ… பேசு."

"நான் பேசினாச் செல்லாதும்மா. நீதான சொன்ன." கொஞ்சம் யோசித்தான். "திரும்ப எழுதி அனுப்பேன்."

அவள் தலையை ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமை எர்மீனியா வீட்டில் இறைச்சி வாட்டுகிற நாள். கணினி திறக்க மாட்டாள், கைபேசியில் பேசுவாளே தவிரச் செய்தி படிக்கிற வழக்கமும் இல்லை. நாளைக்குப் படிக்கும்போது காது யாருக்கு என்று ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். கொடுத்த காதைச் சங்கம் திரும்ப வாங்கியதாகச் சரித்திரம் இல்லை. வாங்கினால் அதற்கு ஓர் அறிக்கை எழுத வேண்டியிருக்கும்.

ஆக, எடுத்தால் காது அவளுக்கு. என்ன சொன்னாலும் அவளுக்குத்தான். 'வேண்டாம்' என்றாலும், சாகப்போகிறவளின் அடக்கம் என்று, 'ஏற்கிறேன்' சொல்லும் வரை எர்மீனியா விடமாட்டாள். இரண்டு வார்த்தைக்கு மேல் வராத குரலில் உண்மையைச் சொன்னாலும் குழு அதை மரண வாக்குமூலமாகத்தான் எடுத்துக்கொள்ளும். பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. எடுக்காவிட்டால் எவிலாசியோவுக்கு. மேசை மேல் கைபேசியைக் குப்புற வைத்தாள். பிறகு நிமிர்த்தி வைத்தாள்.

இரண்டு மணிக்குச் சரியாக அடித்தது. திரையில் எர்மீனியாவின் பெயர். எட்டுத் தரம் மணி அடித்து நின்றது.

"எடுங்க டீச்சரம்மா, போனு அடிக்குது," என்றாள் செலோயி.

"அவளுக்குத் தெரியும்," என்றான் நெரேவு.

"தெரிஞ்சா எடுக்க வேண்டியதுதான?"

இரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்கு மறுபடி அடித்தது. இல்காவின் கை மேசை வரை போனது, சூப்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தது. எட்டுத் தரம் அடித்தது. நின்றது. நெரேவு ஜன்னல் பக்கம் போய், பார்க்க ஒன்றுமில்லாத பனியைப் பார்த்தபடி நின்றான்.

பிறகு ஒரு சின்ன ஒலி. எவிலாசியோவிடமிருந்து செய்தி. 'கூப்பிட்டாங்களா? நான் சாப்பிட்டுட்டு போன் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கேன். சும்மாதான் கேட்டேன்.'

இல்கா அதை இரண்டு தரம் படித்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள். பதில் எழுத நினைத்து, எவ்வளவு நீளத்துக்கு எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டாள்.

இரண்டு மணி பத்து நிமிஷம். மூன்றாம் முறை அடிக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு மணிக்கும் கைபேசி மேசை மேல் அதிர்ந்து, சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. மூன்று. நாலு. செலோயி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இல்கா நாற்காலியைத் தள்ளி எழுந்தாள், தொண்டையைச் செருமிப் பார்த்தாள், காற்றுதான் வந்தது. ஐந்தாவது மணி அடித்தது. ஆறாவது அடிக்க ஆரம்பித்தது.